ரப்பரில் கார்பன் நானோகுழாய்: சேர்த்தும் பலம் ஏறவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

ஓசூர் சிட்கோ பக்கம் சின்ன மோல்டிங் யூனிட் நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து கிரானைட் கிரஷர்களில் ஜல்லி சலிக்கும் அதிர்வுச் சல்லடைக்கு அடியில் வைக்கிற ரப்பர் மவுண்ட்தான் அவர் தொழில். இயற்கை ரப்பர் 100, எச்ஏஎஃப் கார்பன் (ரப்பரைப் பலப்படுத்தும் கறுப்புப் பொடியான கார்பன் பிளாக்கில் ஒரு வகை) 45, மற்றபடி வழக்கமான சல்பர் க்யூர் (கந்தகத்தோடு வேகவைத்து இறுக்குவது). ஒருவர் வந்து, "கார்பன் நானோகுழாய் 2 பிஎச்ஆர் (100 பங்கு ரப்பருக்கு 2 பங்கு) போடுங்கள், மவுண்ட் இரண்டு மடங்கு உழைக்கும்" என்று, கார்பன் அணுக்களாலான அந்த மிக நுண்ணிய குழாய்ப் பொடியை ஒரு பை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். ஓப்பன் மில்லில் (இரண்டு ரோலுக்கு நடுவே ரப்பரை அரைத்துக் கலக்கும் இயந்திரம்) போட்டுப் பார்த்ததில் ஹார்ட்னஸ் 60-லிருந்து 64 ஆனது. டென்சைல், அதாவது இழுத்து அறுக்கும்போது தாங்கும் பலம், குறைந்தது. ஒரே ஷீட்டில் வெட்டிய ஐந்து டம்பெல்லும் (இழுத்துப் பார்க்க வெட்டும் சோதனைத் துண்டு) ஐந்து விதமாக அறுந்தன. திரும்பிக் கேட்டால், "அது சாதா குழாய். மேற்பரப்பு மாற்றிய குழாய் இருக்கிறது, கார்பாக்சில் ஏற்றியது. விலை கூட. அதைப் போட்டால் சரியாகிவிடும்" என்கிறாராம். "வாங்கலாமா அண்ணா?" என்பது கேள்வி.

இப்போதைக்கு வாங்காதீர்கள், தம்பி. மேற்பரப்பு மாற்றம் என்பது உண்மையான விஷயம்தான், வேலை செய்கிற விஷயம்தான். ஆனால் உங்கள் ரப்பருக்கு அவர் சொல்லும் மாற்றம் பொருந்துமா என்பதை அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. அதற்கும் முன்னால், உங்கள் கோளாறில் பாதி மில்லில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தக் குழாயை வாங்கினாலும் காசு போகும்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஷீட்டைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸில், வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகக் கலந்த காம்பவுண்டின் வெட்டுமுகம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். உங்களுடையதில் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கறுப்பு மணிகள். ஊசி முனையால் ஒன்றைக் குத்திப் பார்த்தேன். ரப்பர் மாதிரி இழுபடவில்லை, பொடியாக உதிர்ந்தது. பக்கத்திலேயே இன்னொரு மணி கழன்று போன குழி. டம்பெல் அறுந்த முகத்திலும் விளிம்புக்கு அருகில் அப்படி ஒரு மணி உட்கார்ந்திருந்தது. கிழிசல் அங்கிருந்துதான் விசிறி மாதிரி பரவியிருக்கிறது.

நம் ஊரில் ராகிக் களி கிண்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் மாவை அப்படியே கொட்டிவிட்டு, அப்புறம் துடுப்பால் என்னதான் புரட்டினாலும் கட்டி விழுந்தது விழுந்ததுதான். உடைத்தால் உள்ளே பச்சை மாவு. வெளிப்புறம் வெந்து பசையாகிவிட்டதால் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. உங்கள் மணிக்குள் நடந்ததும் அதுவே. மணியின் வெளிச்சுற்றில் ரப்பர் ஒட்டிக்கொண்டது, உள்ளே ரப்பரே படாத குழாய்க் கூட்டம்.

ஏன் இப்படிக் கூட்டமாக இருக்கிறது என்றால், அதன் அளவு அப்படி. சந்தையில் கிடைக்கிற பலசுவர்க் குழாய் ஒன்றின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர், நீளம் ஒன்று ஒன்றரை மைக்ரான். அதாவது தடிமனைப் போல 100, 150 மடங்கு நீளம். ஒரு கிராம் குழாயின் மேற்பரப்பு 250 சதுர மீட்டருக்குக் குறையாது. இவ்வளவு மெல்லிய, நீளமான, வளைந்து நெளிகிற பொருள் ஒன்றையொன்று தொட்டால் வான்டர்வால்ஸ் ஈர்ப்பு விடாது. நீங்கள் பையில் வாங்கியது தனித்தனிக் குழாய் இல்லை. பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் மாதிரி சிக்குண்ட உருண்டைகள், ஒவ்வொன்றும் சில நூறு மைக்ரான். 1991-இல் ஜப்பானில் சுமியோ இஜிமா மின் நுண்ணோக்கியில் பார்த்து உலகத்துக்குச் சொன்னது ஒற்றைக் குழாயின் அழகை. வியாபாரிகள் சொல்கிற "எஃகைவிட ஐந்து மடங்கு விறைப்பு" என்ற எண்ணும் ஒற்றைக் குழாயினுடையதுதான். ஒரு டெராபாஸ்கல் அளவு மாடுலஸ் (விறைப்பின் அளவு) இருப்பது உண்மை. சிக்கு உருண்டைக்கு அது கிடையாது.

சரி, சிக்கைப் பிரித்துவிட்டால் என்ன கிடைக்கும்? தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். கோல் வடிவ நிரப்பிக்கு குத் என்பவர் கொடுத்த பழைய சமன்பாடு ஒன்று உண்டு. மாடுலஸ் எத்தனை மடங்கு ஏறும் என்பது 1 கூட்டல் 0.67 பெருக்கல் நீள-தடிமன் விகிதம் பெருக்கல் பருமப் பங்கு, அதோடு 1.62 பெருக்கல் அந்த இரண்டின் வர்க்கங்கள். 100 பங்கு இயற்கை ரப்பரில் 2 பங்கு குழாய் என்றால் பருமத்தில் அது 0.9 விழுக்காடுதான். விகிதம் 100 என்று வைத்தால் மாடுலஸ் 2.9 மடங்கு வருகிறது. விகிதம் 20 என்று வைத்தால் 1.17 மடங்கு. அதே 2 பங்குக்குச் சாதாரணக் கார்பனைப் போட்டால் 1.03-ஐக்கூடத் தொடாது. இந்தச் சமன்பாடு அப்படியே நடைமுறையில் பலிக்காது. குழாய் நேராகக் கோல் மாதிரி நிற்பதில்லை, வளைந்துதான் கிடக்கும், அதனால் உண்மையான விகிதம் எப்போதும் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தை இது பளிச்சென்று காட்டுகிறது: நீளம்தான் இங்கே முதல். குழாயை நறுக்கிவிட்டால், வாங்கிய காசின் பெரும்பகுதியை நறுக்கிவிட்டீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்பரப்பு மாற்றத்துக்கு வாருங்கள்.

குழாயின் மேல் ஏன் கைவைக்க வேண்டியிருக்கிறது? அதன் சுவர் கிராஃபைட் மாதிரி. எதனோடும் வேதியியலாக ஒட்டாத, மழுங்கிய பரப்பு. எச்ஏஎஃப் கார்பனின் பரப்பு அப்படி இல்லை. விளிம்புகளும் குறைகளும் ஆக்சிஜன் தொகுதிகளும் இருப்பதால் ரப்பர்ச் சங்கிலி அதைக் கவ்விக்கொள்கிறது. குழாய்ச் சுவரில் கவ்வ இடம் குறைவு. ஷீட்டை இழுக்கும்போது ரப்பர் அதன்மேல் வழுக்குகிறது. வழுக்கினால் இரண்டு கெடுதல்: சுமை குழாய்க்குப் போய்ச் சேராது, உராய்வு வெப்பமாக மாறும். உங்கள் மவுண்டுக்கு இரண்டாவதுதான் ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கைவைக்கும் வழிகளில் பழையது அமிலம். அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து, குழாயை அதில் போட்டுச் சூடாக்கி, மணிக்கணக்கில் வைத்து, பிறகு அமிலம் போகும்வரை கழுவுவார்கள். சுவரில் ஓட்டை விழுந்து அந்த இடங்களில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் உட்காரும். கார்பாக்சில் ஏற்றியது என்று உங்களிடம் விற்க வந்தது அநேகமாக இதுவே. நன்மை உண்டு: உற்பத்தியின்போது தங்கிவிட்ட இரும்பு, கோபால்ட் வினையூக்கித் துகளில் கணிசமான பங்கு கரைந்து போகும். இயற்கை ரப்பரில் உலோகத் துகள் இருந்தால் ஆக்சிஜனேற்றம் வேகமாகும் என்பதால் இது சின்ன லாபம் இல்லை. கெடுதல், அமிலம் குழாயை அரிக்கும், துண்டாக்கும். மேலே சொன்ன விகிதம் இறங்கும், மின் கடத்தலும் குறையும். லேசாகச் செய்தால் தொகுதி போதாது, கடுமையாகச் செய்தால் குழாயே மிஞ்சாது.

இன்னொரு சங்கடத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கார்பாக்சில் குழாய்க்குத் தண்ணீரென்றால் கொண்டாட்டம், இயற்கை ரப்பரென்றால் ஒவ்வாமை. இயற்கை ரப்பர் வெறும் ஹைட்ரோகார்பன், முனைவுத்தன்மை இல்லாதது. கார்பாக்சில் தொகுதிகள் ரப்பரை நாடுவதைவிட ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் பிடித்துக்கொள்வதையே விரும்பும். காய்ந்த கார்பாக்சில் குழாயைக் கெட்டியான ரப்பரோடு மில்லில் போட்டால் சாதா குழாயைவிட மோசமாகக் கட்டி விழுவதும் உண்டு. என்பிஆர் (நைட்ரைல் ரப்பர்) என்றால் கதை வேறு. அதில் நைட்ரைல் தொகுதி இருக்கிறது, முனைவுத்தன்மை இருக்கிறது. கார்பாக்சில் குழாய் அதோடு ஒத்துப்போகும். உங்கள் பக்கத்து ஷெட்டில் வண்டிகளுக்கு ஆயில் சீல் போடுகிறவருக்கு அந்தப் பை உபயோகப்படலாம். இயற்கை ரப்பரிலேயே கார்பாக்சில் குழாயைப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரை 5, 10 பங்கு இடையில் சேர்ப்பார்கள். எபாக்சி வளையம் கார்பாக்சிலோடு வினைபுரிந்து, மறுபக்கம் ரப்பரோடு ரப்பராகக் கலந்துகொள்ளும்.

க்யூரிங்கையும் பாருங்கள். க்யூரை வேகப்படுத்தப் போடும் ஆக்சிலரேட்டரை அமிலத் தொகுதி பிடித்து வைத்துக்கொள்ளும். சிபிஎஸ் என்ற ஆக்சிலரேட்டர் உடையும்போது வரும் அமீனை அது உறிஞ்சிக்கொள்வதால் க்யூர் தாமதமாகும். அமீன் ஏற்றிய குழாய் இதற்கு நேர்மாறு, க்யூரை வேகப்படுத்தி ஸ்கார்ச்சில், அதாவது மோல்டுக்குப் போகும் முன்பே வேகும் கோளாறில், மாட்டிவிடும். சில வருடங்களுக்கு முன் எனக்கே நேர்ந்தது. ஒரு வியாபாரி கொடுத்த கார்பாக்சில் குழாயை, சான்றிதழ் ஒழுங்காக இருக்கிறதே என்று அப்படியே போட்டுவிட்டேன். எப்போதும் எட்டு நிமிடத்தில் வேகும் பீஸ் பத்து நிமிடம் கழித்தும் மோல்டைத் திறந்தால் உப்பி வந்தது, நகத்தால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. கோளாறு ஆக்சிலரேட்டரில் என்று ஒரு நாள் முழுக்க அங்கேயே தேடினேன். கடைசியில் அந்தக் குழாயை ஒரு சிட்டிகை எடுத்து மூடி போட்ட பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு குலுக்கி, பிஎச் தாளைத் தொட்டால் மூன்று. கழுவாமல் காயவைத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தக் குழாய் வந்தாலும் முதல் வேலை இந்தப் பாட்டில் சோதனை. அதில் இன்னொன்றும் தெரியும்: மாற்றம் உண்மையாகவே நடந்திருந்தால் மறுநாள் காலையிலும் தண்ணீர் மை மாதிரி கறுப்பாக இருக்கும். சாதா குழாய் என்றால் கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும், அல்லது மேலே மிதக்கும். சாதா குழாயைக் கார்பாக்சில் விலைக்கு விற்பதும் நடக்கிறது.

சல்பர் க்யூர் ஆகிற இயற்கை ரப்பருக்கு, என் பார்வையில், பொருத்தமான மாற்றம் சிலேன். டயர்க்காரர்கள் சிலிக்காவுக்குப் போடும் அதே எஸ்ஐ-69 தான். அதன் இரண்டு முனைகளிலும் எதாக்சி தொகுதிகள், நடுவில் நான்கு கந்தக அணுக்கள் தொடர்ந்து வரும் சங்கிலி. எதாக்சி முனை குழாயின் ஹைட்ராக்சிலைப் பிடிக்கும். வேகும்போது கந்தகம் திறந்து ரப்பர்ச் சங்கிலியைப் பிடிக்கும். இப்போது குழாய் வழுக்காது, கட்டிப்போட்டாயிற்று. ஆனால் கவனியுங்கள், சாதா குழாயில் ஹைட்ராக்சில் மிகக் குறைவு. "சிலேனையும் சேர்த்து ஊற்றிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், பிடிக்க இடமே இல்லாத சுவரில் கொக்கி மாட்டச் சொல்கிறார் என்று அர்த்தம். முதலில் லேசாக ஆக்சிஜனேற்றம், அப்புறம் சிலேன். அதுவும் மில்லில் நடக்காது. சிலேன் வினை ஒழுங்காக நடக்க 140 முதல் 155 டிகிரி வரை வேண்டும். 160-ஐத் தாண்டினால் கந்தகச் சங்கிலி உடைந்து மிக்சரிலேயே ஸ்கார்ச் ஆகும். உங்கள் ஓப்பன் மில்லில் ரப்பர் 70, 80 டிகிரியைத் தாண்டுவதே பெரிது. நீடர் (மூடிய அறையில் சூடாகக் கலக்கும் இயந்திரம்) இருக்கிற யூனிட்டில் கூலிக்குப் போட்டு வாங்கலாம், அல்லது முன்பே சிலேன் ஏற்றிய குழாயை வாங்கலாம்.

குழாயை உடைக்காத வழியும் இருக்கிறது. அயனித் திரவம் என்று அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகள். இமிடசோலியம் வகை குழாயின் பரப்போடு பை (π) எலக்ட்ரான்கள் வழியாக ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பாலிமர் ஆய்வு நிறுவனத்தினர் எஸ்பிஆர்-பிஆர் என்ற செயற்கை ரப்பர்க் கலவையில் 2000களின் இறுதியில் இதைச் செய்து காட்டினார்கள். சுவரில் ஓட்டை போடாததால் மின் கடத்தும் தன்மை கெடாமல் இருக்கும். ஆனால் அது கூடினால் எண்ணெய் போட்ட மாதிரி ரப்பர் இளகும், விலையும் நம்மூர் மவுண்டுக்குத் தாங்காது. நிலை மின்சாரம் ஆகாத இடத்துக்கு, எரிபொருள் ஓஸ் மாதிரி பொருளுக்கு, யோசிக்கலாம்.

எனக்குப் பிடித்த வழி லேடெக்ஸ் (ரப்பர்ப் பால்). கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் அம்மோனியா போட்ட 60 விழுக்காடு சென்ட்ரிஃபியூஜ் லேடெக்ஸ் தாராளமாகக் கிடைக்கிறது. குழாயைத் தண்ணீரில் சர்ஃபாக்டன்டோடு (சோப்பு மாதிரியான பொருள்), அல்லது கார்பாக்சில் குழாய் என்றால் அதிகம் சர்ஃபாக்டன்ட் இல்லாமலே, மீயொலியில் பிரித்து, லேடெக்ஸில் ஊற்றிக் கலக்கி, ஃபார்மிக் அமிலத்தில் திரிக்க வைத்து, கழுவிக் காயவைத்தால் மாஸ்டர்பேட்ச், அதாவது குழாயை முன்கூட்டியே அடர்த்தியாக ஏற்றிய ரப்பர். களிக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு கொதிநீரில் ஊற்றுகிறவர்கள் செய்வது இதைத்தான். கார்பாக்சில் குழாய்க்கு இயற்கை ரப்பரில் முறையான இடம் என்றால் இதுதான், ஏனென்றால் அது கலப்பது தண்ணீரில். கழுவலில் சோம்பல் கூடாது. சர்ஃபாக்டன்ட் தங்கினால் ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே சோப்புப் படலம் இருந்துவிடும். மவுண்ட் மழையில் ஈரமும் இழுக்கும்.

இதையெல்லாம் நீங்கள் ஷெட்டில் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அமில வேலையை நினைத்தே பார்க்காதீர்கள்; செம்பழுப்புப் புகையும் கழிவு நீரும் நம் ஷெட்டுக்கு உகந்தவை அல்ல. மாஸ்டர்பேட்சாகக் கேட்டு வாங்குங்கள். 100 ரப்பருக்கு 20 குழாய் ஏற்றிய மாஸ்டர்பேட்ச் என்றால், உங்கள் 2 பிஎச்ஆருக்கு அதில் 12 பங்கு எடுத்து, புது ரப்பரை 90 ஆகக் குறைத்துக்கொண்டால் கணக்குச் சரி. பொடியாக வாங்கினால் ஒரு கிலோ ஒரு சாக்கு நிறைய வரும், தெரியுமல்லவா? பஞ்சைவிட லேசாக, பையைத் திறந்ததுமே மேலே எழும்பி நிற்கும்.

மில்லுக்கு வருவோம். நீங்கள் குழாயைக் கடைசியில், எண்ணெய்க்கும் கார்பனுக்கும் பிறகு போட்டதாகச் சொன்னீர்கள். அங்கேயே தோற்றாயிற்று. சிக்கைப் பிரிப்பது ரோலின் இழுவிசை. ரப்பர் கெட்டியாக இருக்கும்போதுதான் அந்த விசை உள்ளே போகும். ஆகவே ரப்பர் ரோலில் பட்டையாகச் சுற்றிக்கொண்டதும், ரோல் குளிர்ந்திருக்கும்போதே, எண்ணெய்க்கு முன், மாஸ்டர்பேட்ச்தான் முதலில். அப்புறம் நிப்பை (ரோல்களுக்கு இடையிலான இடைவெளியை) இறுக்கி எட்டு பத்து டைட் பாஸ், ஒவ்வொரு முறையும் ஷீட்டைச் சுருட்டி நெடுக்கு குறுக்காகத் திருப்பி விடவேண்டும். ரொம்பவும் அரைத்தாலும் ரப்பர் சங்கிலி அறுந்து தளர்ந்துவிடும், அதற்கு ஒரு அளவு உண்டு. ஒவ்வொரு இரண்டு பாஸுக்கும் ஒரு துண்டு வெட்டி லென்ஸில் பார்த்தால் எங்கே நிறுத்துவது என்று கண்ணே சொல்லிவிடும்.

திருப்பி விடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, உங்கள் ஐந்து டம்பெல்லும் ஐந்து விதமாக அறுந்ததில் அதற்கும் பங்குண்டு. ரோலில் இருந்து வரும் ஷீட்டில் குழாய்கள் ரோல் சுழலும் திசையில் படுத்துவிடும், ஆற்று வெள்ளத்தில் கோரைப்புல் படுக்கிற மாதிரி. அந்தத் திசையில் வெட்டிய டம்பெல் விறைப்பாக இருக்கும், குறுக்கே வெட்டியது தளர்வாக. கார்பன் உருண்டைத் துகள் என்பதால் இந்த வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியாது, அதனால் நாம் ஷீட்டில் திசை குறிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டோம். குழாய் போட்டால் குறித்தே ஆகவேண்டும். மோல்டில் போடும் பிளாங்கையும் (வெட்டிய வேகாத ரப்பர்த் துண்டு) ஒரே திசையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே பேட்ச் மவுண்டில் ஒன்று விறைத்தும் ஒன்று தளர்ந்தும் வரும்.

இப்போது உங்கள் மவுண்ட். அது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை அமுங்கி விரியும் பொருள். நீங்கள் காட்டிய பழைய மவுண்டை வாள் போட்டு இரண்டாக அறுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே ஒரு விரிசல்கூட இல்லை. நடுவில் கட்டைவிரல் அளவுக்குப் பிசுபிசுப்பு, கருகல் வாசனை. இழுத்துச் செத்ததாக இருந்தால் வெளியே கிழிந்திருக்கும். இது உள்ளே வெந்து செத்தது. ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது, ரப்பர் வெப்பத்தைக் கடத்தாது, நடுவில் சேர்ந்த சூட்டில் சல்பர் பிணைப்புகள் உடைந்து ரப்பர் மறுபடி இளகிவிட்டது. இந்த நோய்க்கு டென்சைல் பலம் மருந்தே இல்லை. குழாய் பிரியாமலோ வழுக்கும் நிலையிலோ இருந்தால் வெப்பம் கூடத்தான் செய்யும். நல்ல சிலேன் ஏற்றிய குழாய் வழுக்கலைக் குறைக்கும் என்பதால்தான் உங்களுக்கு மேற்பரப்பு மாற்றம் ஏதாவது பயன் தரும் என்றால் இந்த இடத்தில்தான் தரும்.

"குழாய் வெப்பத்தை நன்றாகக் கடத்துமே, சூடு வெளியே போய்விடாதா?" என்று விற்றவர் சொல்லியிருப்பார். ஒற்றைக் குழாய் மீட்டருக்கு கெல்வினுக்கு 3000 வாட் அளவு கடத்தும், இயற்கை ரப்பர் 0.15-க்குக் கிட்டத்தட்ட, அது உண்மை. ஆனால் வெப்பம் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் நடுவே ரப்பர்ப் படலம் மறிக்கிறது. 2 பிஎச்ஆரில் கடத்தல் ஏறுவது சொற்பமே. மின்சாரம் அப்படி இல்லை, மெல்லிய படலத்தை எலக்ட்ரான் தாண்டிவிடும். அதனால்தான் மின் கடத்தலில் குழாய் அதிசயமும் வெப்பக் கடத்தலில் ஏமாற்றமும் தருகிறது.

இன்னொன்று. ஹார்ட்னஸ் 4 புள்ளி ஏறியதை நீங்கள் சாதனையாகச் சொன்னீர்கள். 60-லிருந்து 64 என்றால் மாடுலஸ் சுமாராக 15 முதல் 20 விழுக்காடு கூடிவிட்டது. மவுண்ட் அவ்வளவு விறைப்பானால் சல்லடையின் அதிர்வு கூடுதலாக அடித்தளத்துக்குப் போகும், கிரஷர்க்காரர் உங்களிடம்தான் வருவார். ஆகவே குழாய் சேர்த்தால் கார்பனைக் குறைத்து ஹார்ட்னஸை 60-க்கே கொண்டுவரவேண்டும். எவ்வளவு குறைக்க என்பதற்கு மேற்பரப்புக் கணக்கு ஒன்று போட்டு ஆரம்பிக்கலாம்: 2 பங்கு குழாய்க்குக் கிராமுக்கு 250 சதுர மீட்டர் வீதம் 500. எச்ஏஎஃப் கார்பனுக்குக் கிராமுக்குச் சுமார் 78. அப்படியானால் 6 பங்கு கார்பனைக் கழிக்கலாம். கார்பன் 39, குழாய் 2. இது தொடக்கப் புள்ளிதான், ஹார்ட்னஸ் பார்த்து முன்னே பின்னே நகர்த்துங்கள். முழுக் கார்பனையும் எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் நம்புகிற யோசனை வேண்டாம். இரண்டும் சேர்ந்து இருக்கும்போது கார்பன் துகள் குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் இடையில் நிற்கிறது, மில்லில் பிரிப்பதும் சுலபம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நான்கு சின்ன பேட்ச் போடுவேன். ஒன்று, இப்போதைய 45 கார்பன் காம்பவுண்ட் அப்படியே. இரண்டு, அதே காம்பவுண்ட், ஆனால் பத்து டைட் பாஸ் கூடுதலாக. மூன்று, 39 கார்பன், சாதா குழாய் மாஸ்டர்பேட்ச். நான்கு, 39 கார்பன், சிலேன் ஏற்றிய குழாய் மாஸ்டர்பேட்ச். இரண்டாவதை ஏன் சேர்த்தேன் என்றால், நானோ பொருள் போட்டு வந்த முன்னேற்றம் என்று பலர் சொல்வதில் ஒரு பகுதி, அந்தப் பேட்சை மட்டும் அக்கறையாக அரைத்ததால் வந்தது. ரியோமீட்டர் வளைவை (ரப்பர் வேகும் வேகத்தைக் காட்டும் வரைபடம்) எல்லாவற்றுக்கும் எடுங்கள். நான்காவதில் டிசி-90 (90 விழுக்காடு வேக ஆகும் நேரம்) நகர்ந்தால் ஆக்சிலரேட்டரைச் சரிசெய்துவிட்டு மறுபடி போடுங்கள், வேகாத ஷீட்டையும் வெந்த ஷீட்டையும் ஒப்பிட்டு யாருக்கும் லாபமில்லை. டென்சைலோடு நிற்காமல் ரீபவுண்டும் (துள்ளி மீளும் அளவு) கம்ப்ரஷன் செட்டும் (அமுக்கி விட்டபின் மீளாமல் நிற்கும் அளவு) பாருங்கள். சூடேற்றச் சோதனை வசதி சென்னை குரோம்பேட்டை எம்ஐடி மாதிரி ரப்பர் துறை உள்ள இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அதுதான் உண்மையான தேர்வு.

கையில் கருவி இல்லாமல் செய்ய ஒரு சோதனை. வேகாத காம்பவுண்டில் அரை கிராம் துண்டு துண்டாக வெட்டி, எஃகு வலைச் சிமிழில் போட்டு, டொலுயினில் மூன்று நாள் ஊறவையுங்கள். ரப்பர் எல்லாம் கரைந்து போகவேண்டும், நிரப்பியைக் கவ்விக்கொண்டது மட்டும் ஜெல்லாக வலையில் நிற்கும். வெளியே எடுத்துக் காயவைத்து நிறுத்து, நிரப்பியின் எடையைக் கழித்தால் கட்டுண்ட ரப்பர் எவ்வளவு என்று வந்துவிடும். மூன்றாவது பேட்சுக்கும் நான்காவதுக்கும் இதில் வித்தியாசமே இல்லை என்றால், மேற்பரப்பு மாற்றம் என்று நீங்கள் காசு கொடுத்தது காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. டொலுயினை மூடி, தீ இல்லாத இடத்தில் வையுங்கள்.

தூசு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நாம் கார்பன் தூசிலேயே வளர்ந்தவர்கள், மூக்கைச் சிந்தினால் கறுப்பு என்று சிரித்துக்கொள்வோம். இது அது இல்லை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வேலையிடக் காற்றில் கார்பன் பிளாக்குக்குப் பரிந்துரைக்கும் வரம்பு கன மீட்டருக்கு 3.5 மில்லிகிராம். நானோகுழாய்க்கு 2013-இல் சொன்னது 1 மைக்ரோகிராம். 3500 மடங்கு வித்தியாசம். எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற நீண்டு விறைத்த ஒரு வகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளுக்குத் தீர்ப்புச் சொல்லச் சான்று போதவில்லை என்று விட்டது. நுண்ணிய நீண்ட இழை நுரையீரலில் கல்நார் மாதிரி நடந்துகொள்ளுமோ என்பதுதான் அச்சம். ரப்பருக்குள் போன பிறகு பயம் குறைவு. பொடியாக இருக்கும்போதுதான் ஆபத்து. உங்களிடம் மிச்சமிருக்கும் அந்தப் பையை மில் பக்கம் ஃபேன் ஓடும்போது திறக்காதீர்கள், துடைப்பம் போட்டுப் பெருக்காதீர்கள். வாய் இறுகக் கட்டி, இன்னொரு பைக்குள் போட்டு, மில் ஓட்டுகிற அக்காக்கள் கை படாத இடத்தில் வையுங்கள்.

நான்கு பேட்சும் ஆனதும் ஷீட்டைக் கொண்டு வாருங்கள். எது ரோல் திசை என்று சாக்பீஸில் அம்புக்குறி போட மறந்துவிடாதீர்கள். பாதி டம்பெல் நெடுக்கில், பாதி குறுக்கில் வெட்டவேண்டும். ஓசூரில் என் மெஷின் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சும்மாதான் இருக்கும்.